முதலில் குழலைக் கேளுங்கள்

சனிக்கிழமை காலை. கனெக்டிகட்டில் மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கியிருந்த நேரம். அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்ட டீ கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த தம்பி, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். தாளில் ஐந்து எண்கள். ஐந்தும் குண்டு வார்க்கும் அச்சுகளின் எண்கள்.

"அண்ணா, இதுல எதை வாங்கட்டும்?"

போன மாதம்தான் அவன் ஒரு துப்பாக்கி வாங்கியிருந்தான். 1873-இல் வின்செஸ்டர் கம்பெனி வெளியிட்ட லீவர் துப்பாக்கியின் மறுபதிப்பு, இத்தாலியில் செய்தது. பழைய பாணி உடையணிந்து, பழைய பாணித் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுடும் போட்டிகள் இங்கே நடக்கின்றன. 1987 முதல் இதற்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. அந்தப் போட்டியில் செம்பு உறை போட்ட குண்டுக்கு அனுமதி இல்லை. ஈயக் குண்டுதான் வேண்டும். கடையில் வாங்கலாம், வார்த்துக்கொண்டால் செலவு குறையும், துப்பாக்கிக்குப் பொருத்தமாகவும் அமையும். தம்பிக்கு வார்க்க ஆசை.

"உன் துப்பாக்கிக் குழலோட உள்ளளவு என்ன?" என்று கேட்டேன்.

"நாற்பத்து நாலு, அண்ணா. குழல் மேலயே போட்டிருக்கே."

குழல் மேல் பொறித்திருப்பது பெயர். அவன் சொன்னது அந்தப் பெயரைத்தான். நான் கேட்டது அளவை. அந்த வித்தியாசத்தை விளக்க இரண்டு தம்ளர் டீ ஆனது. அவனிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பித்தளை உறை, அதன் அடியில் ப்ரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய உலோகத் துண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது தோட்டா. குழலை விட்டுப் பறந்து போகும் அந்த உலோகத் துண்டு மட்டும் குண்டு. அச்சில் வார்ப்பது குண்டை மட்டுமே. அச்சு என்பது இரண்டு உலோகக் கட்டைகள். புத்தகத்தை மூடுவதுபோல் அவற்றைச் சேர்த்தால் நடுவில் குண்டின் வடிவத்தில் ஒரு குழி அமையும். மேலே ஓட்டை போட்ட ஒரு தகடு. உருகிய ஈயத்தை அந்த ஓட்டை வழியே ஊற்றி, உறைந்ததும் தகட்டைத் தட்டித் திருப்பினால் மேலே எஞ்சிய கட்டி வெட்டுப்படும். கட்டைகளைப் பிரித்தால் குண்டு உதிரும்.

அச்சும் துப்பாக்கியும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக வந்தவை. 1870களில் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் போனவர்களுக்குக் கடை பல நாள் பயணத்தில் இருந்தது. சுட்ட பித்தளை உறையைப் பொறுக்கி, வீட்டில் குண்டு வார்த்து, மருந்து நிரப்பி மறுபடி பயன்படுத்தினார்கள். அதற்கான அச்சையும் கருவியையும் வின்செஸ்டரே விற்றது. வின்செஸ்டர் தொழிற்சாலை இருந்த அதே நியூ ஹேவன் நகரில், 1884-இல் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். குறடு போன்ற ஒரே கருவியின் நுனியில் அச்சும், நடுவில் தோட்டா நிரப்பும் அமைப்புமாக அவர் செய்து விற்றவை இன்றும் பழைய சாமான் சந்தைகளில் கிடைக்கின்றன. ஐடியல் பின்னர் மார்லின் கைக்குப் போய், 1925-இல் லைமன் கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. தம்பியின் தாளிலிருந்த எண்களில் சில அந்த ஐடியல் காலத்திலிருந்து வழிவழியாக வருபவை. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் குண்டின் விட்டம். 427 என்று தொடங்கினால் 0.427 அங்குலம், 311 என்றால் 0.311 அங்குலம், 457 என்றால் 0.457. மீதி இலக்கங்கள் வடிவத்தின் அடையாளம்.

எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டது. எந்த எண் என்பதை இனித் துப்பாக்கிதான் சொல்ல வேண்டும். குண்டின் படத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். மூக்கு, உடம்பின் தடிமன், நடுவிலுள்ள பள்ளங்கள், அடிப்பாகம் என்று ஒவ்வொன்றும் துப்பாக்கியின் ஏதோ ஒரு தேவைக்காகவே அப்படி அமைந்திருக்கிறது.

மூக்கிலிருந்து தொடங்குவோம். 1860-இன் ஹென்றி துப்பாக்கியிலும் 1866-இன் வின்செஸ்டரிலும் தோட்டாவின் அடி விளிம்புக்குள் வெடிப்பொருள் இருந்தது. சுத்தி விளிம்பில் அடிக்கும். 1873 மாடலில் அது மாறியது. தோட்டாவின் அடியில், சரியாக நடுவில், ப்ரைமர் வந்து உட்கார்ந்தது. உறையை மறுபடி நிரப்ப முடிந்ததே இந்த மாற்றத்தால்தான். ஆனால் கூடவே ஓர் அபாயமும் வந்தது. இந்தத் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள ஒரு நீள் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் ப்ரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்னாலிருந்து ஒரு சுருள்வில் எல்லாவற்றையும் பின்னோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்து, சுடும்போது துப்பாக்கி பின்னுதைத்தால், அந்தக் கூர் சுத்தியலின் ஊசி போலவே ப்ரைமரைக் குத்தக்கூடும். இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குள்ளேயே தோட்டா வெடிக்கும்.

அதனால்தான் லீவர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மூக்கு தட்டையாக இருக்கிறது. அழகுக்காகவும் அல்ல, பழமைக்காகவும் அல்ல. ப்ரைமரின் விட்டம் 0.210 அங்குலம். தம்பியின் துப்பாக்கி சுடும் தோட்டாவின் முழுப் பெயர் 44-40. அதன் குண்டின் தட்டை ப்ரைமரைவிட அகலமாக இருந்தால் அதன் ஓரம் ப்ரைமரைச் சுற்றியுள்ள பித்தளையில் சாயும். அழுத்தம் ப்ரைமரின் மேல் மட்டும் விழாது. தம்பியின் தாளில் ஐந்தாவது எண் உருண்டை மூக்கு. கைத்துப்பாக்கிக்கு அது நல்ல குண்டுதான். அதை முதலிலேயே அடித்துவிட்டோம். கூர்மூக்கு, குழாய் மேகசினுக்குள் போகவே கூடாது. இந்த ஒரு விதியில் சமாதானம் கிடையாது.

அடுத்தது தடிமன். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். நானும் தவறியிருக்கிறேன். என் முதல் லீவர் துப்பாக்கிக்குப் பெயரை மட்டும் பார்த்து ஒரு பழைய அச்சை வாங்கினேன். குண்டுகள் பளபளவென்று விழுந்தன. சுட்டால் ஐம்பது கஜ தூரத்தில் காகிதத்தில் சாவித்துவாரம் போலப் பக்கவாட்டு ஓட்டைகள்! குண்டு நேராகப் பறக்காமல் புரண்டு புரண்டு போயிருக்கிறது. குழலுக்குள் பார்த்தால் ஈயம் அப்பிக் கிடந்தது. அச்சில் ஒரு குறையும் இல்லை. என் குழலுக்கு அது சிறியது, அவ்வளவுதான்.

குழலின் உட்சுவரில் முறுக்கிச் செல்லும் வரிகள் இருக்கும், மேடும் பள்ளமுமாக. குண்டு அந்தப் பள்ளத்தை முழுதும் அடைத்துக்கொண்டு போக வேண்டும். இடைவெளி இருந்தால் பின்னாலிருந்து வரும் கொதிவாயு அதன் வழியே பீறிட்டுக் குண்டின் ஓரத்தை அரிக்கும். அரித்த ஈயம் குழலில் ஒட்டும். வரிகளைக் குண்டு பிடிக்காது, சுழலாது. செம்பு உறை போட்ட குண்டுகளைக் குழலின் பள்ள அளவுக்குச் சமமாகவே செய்வார்கள். ஈயக் குண்டு அந்த அளவைவிட 0.001 அல்லது 0.002 அங்குலம் பெரிதாக இருப்பது நல்லது. 0.001 அங்குலம் என்பது தலைமுடியின் தடிமனில் பாதிகூட இராது. அந்த அளவில்தான் இந்த வேலை நடக்கிறது.

44-40 என்ற பெயரில் 44 என்பது வாய் அளவைக் குறிக்கும் எண். 40 என்பது அந்தக் காலத்தில் போட்ட கரிமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். குண்டு 200 கிரெயின், ஏறத்தாழ 13 கிராம். ஆனால் 44 என்ற பெயருக்குள் குழல்கள் எப்படியெல்லாமோ இருந்தன. பழைய துப்பாக்கிகளில் பள்ள அளவு ஏறத்தாழ 0.425-லிருந்து 0.433 அங்குலம் வரை வேறுபடும். இன்றைய இத்தாலிய மறுபதிப்புகள் பெரும்பாலும் 0.429 பக்கத்தில் இருக்கின்றன. 427 என்று தொடங்கும் அச்சு பழைய குழல் ஒன்றுக்குக் கச்சிதமாக இருக்கலாம், 0.429 குழலில் அதே குண்டு தொளதொளவென்று ஓடும்.

அளப்பது எளிது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலுக்குள் சிறிது எண்ணெய் தடவுங்கள். குழல் வாயைவிடச் சற்றே பெரிய, கலப்பில்லாத மென்மையான ஈயத் துண்டு ஒன்றை வாயில் வைத்து, மரச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றுங்கள். பித்தளைக் கம்பியால் மெல்ல மெல்லத் தள்ளி மறுமுனையில் எடுத்துவிடுங்கள். குழலின் உட்புறம் அந்த ஈயத்தில் பதிந்திருக்கும். அதன் மேட்டுப் பகுதிகளை மைக்ரோமீட்டரால் அளந்தால் அதுவே குழலின் பள்ள அளவு. தள்ளும்போது கைக்கு உணர்த்தும் செய்தியும் முக்கியம். வழி முழுக்க ஒரே இறுக்கமாகப் போனால் நல்ல குழல். நடுவில் வழுக்கினால் அங்கே குழல் அகன்றிருக்கிறது.

இன்னொரு அளவையும் எடுக்க வேண்டும். சுட்ட உறை ஒன்றை எடுத்து, அதை எதுவும் செய்யாமல், வாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்கும் குண்டு அந்த வாய்க்குள் தடையில்லாமல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை இறுக்கமானது; சுடும்போது உறை விரிந்து குண்டை விடுவிக்க இடமிருக்காது; அழுத்தம் ஏறும். குழல் 'பெரிது வேண்டும்' என்கிறது, அறை 'இதற்கு மேல் வேண்டாம்' என்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் விட்டம்.

சந்தேகம் வந்தால் சற்றே பெரிய அச்சையே வாங்குங்கள். பெரிய குண்டை அளவு வளையத்தின் வழியே அழுத்தி 0.001, 0.002 குறைத்துக்கொள்ளலாம். சிறியதைப் பெரிதாக்குவது பெரும்பாடு.

மூன்றாவதாக நீளமும் மடிப்பும். 1873 மாடலில் தோட்டா ஒரு பித்தளைக் கட்டைக்குள் வந்து உட்கார, லீவரை இறக்கியதும் அந்தக் கட்டை கிணற்று வாளிபோல் நேராக மேலே எழும். அந்தக் கட்டையின் நீளம்தான் தோட்டாவின் நீளத்துக்கு எல்லை. 44-40 தோட்டா 1.592 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கட்டை எழாது. மிகக் குட்டையாக இருந்தாலும் சிக்கல்தான். அடுத்த தோட்டாவின் அடி கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்க்கும். கட்டை அதில் மாட்டிக்கொள்ளும். எனவே குண்டின் மூக்கு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை அச்சின் படத்திலேயே பார்த்துக் கணக்கிட வேண்டும். உறையின் நீளத்தோடு மூக்கின் நீளத்தைக் கூட்டினால் தோட்டாவின் நீளம்.

மூக்கு எங்கே முடிகிறது என்று முடிவு செய்வது மடிப்புப் பள்ளம். உறையின் வாய் விளிம்பை உள்நோக்கி மடித்து அந்தப் பள்ளத்தில் பிடிக்க வைக்கிறோம். லீவர் துப்பாக்கிக்கு இது உயிர்நாடி. குழாய்க்குள் சுருள்வில் ஒரு பக்கம் அழுத்துகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதைப்பில் எல்லாத் தோட்டாவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிடிமானம் இல்லாத குண்டு மெல்ல உறைக்குள் இறங்கிவிடும். இறங்கினால் தோட்டா குட்டையாகிச் சிக்கும். உள்ளே இடம் குறைவதால் அழுத்தமும் ஆபத்தாக ஏறக்கூடும்.

இங்கே ஒரு வரலாற்றுக் கண்ணி இருக்கிறது. பலர் அதில் விழுகிறார்கள். 44-40-க்கான அசல் வடிவம் ஐடியல் காலத்து 427098. பழமையை நேசிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஆனால் அதில் மடிப்புப் பள்ளம் கிடையாது. வடிவமைத்தவர்கள் மறந்துவிட்டார்களா? இல்லை. அன்றைய தோட்டாவில் கரிமருந்து உறை முழுக்க, குண்டின் அடி வரைக்கும் நிரம்பி அழுந்தியிருந்தது. குண்டு கீழே இறங்க இடமே இல்லை. மருந்தே அதைத் தாங்கியது. இன்றைய புகையில்லா மருந்து சிறிதளவு போதும். உறையின் பெரும்பகுதி வெற்றிடம். தாங்க ஆளில்லாத குண்டு உள்ளே சரிகிறது. அதனால்தான் லைமன் பிற்காலத்தில் 427666 என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. அதே தட்டை மூக்கு, 200 கிரெயின் எடை, கூடவே மடிப்புப் பள்ளம். ஆக, பழைய அச்சு வேண்டுமா புதிய அச்சு வேண்டுமா என்ற கேள்விக்கு விடை, உறைக்குள் எந்த மருந்தைப் போடப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

மருந்து இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. குண்டின் உடம்பில் வளையம் வளையமாகத் தெரியும் பள்ளங்களில் மெழுகு நிரப்புவார்கள். கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும்; குழலில் கரி படியும். அது காய்ந்து கெட்டியானால் பத்தாவது சுற்றுக்குள் குறி போய்விடும். அதை ஈரப்பதமாக வைத்திருக்கத் தேன்மெழுகும் விலங்குக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ கலந்த மென்மையான மெழுகு நிறைய வேண்டும். எனவே கரிமருந்துக்காரர்கள் ஆழமான, அகலமான பள்ளமுள்ள அச்சைத் தேட வேண்டும். புகையில்லா மருந்துக்கு ஒரு சிறு பள்ளம் போதும். இப்போது பலர் குண்டின் மேல் வண்ணப் பொடியைப் பூசி அடுப்பில் சுட்டெடுக்கிறார்கள். அது மெழுகின் வேலையைச் செய்கிறது. குண்டின் விட்டத்தையும் 0.001, 0.002 கூட்டுகிறது. அந்தக் கூடுதலையும் கணக்கில் சேர்த்தே அச்சு வாங்க வேண்டும்.

தம்பியின் துப்பாக்கி 44-40. உங்களுடையது 30-30 ஆக இருந்தால் இன்னும் ஒரு விஷயம் சேரும்: வேகம். 1894-இல் ஜான் மோசஸ் பிரௌனிங்கின் வடிவமைப்பில் வந்த வின்செஸ்டர் மாடலுக்கு, 1895-இல் புகையில்லா மருந்தோடு வந்தது 30-30. இங்கே குண்டு மெல்லியது, வேகம் அதிகம். வெறும் ஈயத்தின் அடிப்பாகம் அந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்காது. அதற்காகக் குண்டின் அடியில் ஒரு சிறு செம்புக் கிண்ணத்தை மாட்டுவார்கள். கேஸ் செக் என்று பெயர். அதை மாட்டுவதற்கு அடிப்பாகம் படியாகக் குறுகியிருக்க வேண்டும், அச்சிலேயே. லைமனின் 311041, லீ கம்பெனியின் 170 கிரெயின் தட்டைமூக்கு இரண்டும் அப்படிப்பட்டவை. விநாடிக்கு 1,400 அடிக்குக் கீழே மெதுவாகச் சுடுவதே போதும் என்பவர்களுக்குக் கேஸ் செக் இல்லாத தட்டையடி அச்சே சிக்கனம்.

மார்லின் 30-30 வைத்திருப்பவர்கள் ஒரு புகாரைக் கேட்டிருப்பீர்கள். அதன் மைக்ரோகுரூவ் குழலில் ஈயக் குண்டு வேலை செய்யாது என்று. அந்தக் குழலில் வரிகள் அதிகம், ஆழம் குறைவு. 0.309 குண்டு அங்கே பிடி கிடைக்காமல் வழுக்கும். அதையே 0.310, 0.311-இல் போட்டால் பெரும்பாலும் ஒழுங்காகச் சுடும். மறுபடியும் விட்டம்தான்.

எடையில் பேராசை வேண்டாம். குண்டு கனத்தால் நீளும். நீண்ட குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். 44-40 குழலில் வரி ஒரு முழுச் சுற்று சுற்ற வழக்கமாக 36 அங்குலம் எடுக்கும். அது 200 கிரெயின் குட்டைக் குண்டுக்காக அமைந்த மெதுவான முறுக்கு. 30-30-இல் அதே சுற்று 12 அங்குலத்தில் முடியும். 45-70 என்ற பெரிய தோட்டாவில், அமெரிக்க ராணுவத்தின் அசல் 405 கிரெயின் குண்டே 26 கிராம் எடை. அந்தக் குழல் அதற்கேற்ற முறுக்கோடு வருகிறது. மேலும் 1873 மாடலின் பூட்டு அமைப்பு முழங்கால் மூட்டுபோல் மடங்குவது. அதிக அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதன்று. அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது 200 கிரெயின், மிதமான வேகம்.

இனி ஈயத்தைப் பற்றி. அச்சுப் பெட்டியில் எழுதியிருக்கும் விட்டம், குறிப்பிட்ட ஒரு கலவையை ஊற்றினால் கிடைக்கும் விட்டம். லைமன் கணக்கு அதன் 2ஆம் எண் கலவைக்கானது: நூற்றுக்கு 90 காரீயம், 5 வெள்ளீயம், 5 ஆண்டிமனி. நீங்கள் மென்மையான ஈயத்தை ஊற்றினால் அது உறையும்போது அதிகம் சுருங்கும். குண்டு சிறிதாக விழும். ஆண்டிமனி கூடினால் சுருக்கம் குறையும். கலவை மாறினாலே 0.001 அங்குலம் போய்விடலாம். நாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததே அவ்வளவுதான்!

பழைய அச்சகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலவை அந்நியமில்லை. கையால் கோக்கும் அச்செழுத்துகளும் லினோடைப் எந்திரம் வார்க்கும் வரிகளும் இதே மூன்று உலோகங்களால் ஆனவை. லினோடைப் கலவை 84 பங்கு காரீயம், 12 ஆண்டிமனி, 4 வெள்ளீயம். எழுத்தின் மெல்லிய கோடுகூட மழுங்காமல் அச்சில் பதிய வேண்டும் என்பதற்காகக் கண்டடைந்த விகிதம் அது. அமெரிக்கச் செய்தித்தாள் அச்சகங்கள் லினோடைப்பைக் கைவிட்டபோது அந்த உலோகம் குண்டு வார்ப்பவர்களின் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது. பிரினெல் கடினத்தன்மைக் கணக்கில் தூய காரீயம் 5, இருபதுக்கு ஒன்று வெள்ளீயம் சேர்த்தால் 10, 2ஆம் எண் கலவை 15, லினோடைப் 22. தம்பியின் மித வேகத்துக்கு 10 போதும். கடினம் கூடினால் நல்லது என்று நினைப்பது தவறு. மிதமான அழுத்தத்தில் மென்மையான குண்டுதான் குழலின் வடிவத்துக்கு இணங்கிப் போகும்.

அச்சின் உலோகத்தை முடிவு செய்ய அதிக நேரம் வேண்டாம். அலுமினியம் விலை குறைவு, சீக்கிரம் சூடாகும், கை வலிக்காது. முரட்டுத்தனமாகக் கையாண்டால் தேயும். இரும்பு கனம், சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், பேரன் காலம் வரை உழைக்கும். எண்ணெய் போடாமல் வைத்தால் துரு ஏறும். பித்தளை அருமை, விலையும் அப்படியே. முதல் அச்சுக்கு இரண்டு குழி போதும். ஆறு குழி அச்சில் சூட்டைச் சமமாக வைத்திருக்கக் கை பழகியிருக்க வேண்டும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும்; மிகச் சூடானால் மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல் வெளுக்கும். முதலில் விழும் சில குண்டுகள் எப்போதும் மறுபடி பாத்திரத்துக்குத்தான்.

இந்த இடத்தில் தம்பியின் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு குழந்தை. அவளையும் பார்த்தே இதைச் சொன்னேன். நாம் இரண்டு உலோகங்களை ‘ஈயம்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குண்டு வார்ப்பது காரீயம், நஞ்சு. உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சமையலறையில் வார்க்கக் கூடாது. சமையல் பாத்திரம் ஒன்றுகூட அதற்குப் போகக் கூடாது. காற்றோட்டமான கொட்டகை, கண்ணாடி, கையுறை, மூடிய காலணி. வேலை முடியும் வரை சாப்பாடோ டீயோ கிடையாது. முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். வார்ப்பது அதைவிட அதிகச் சூட்டில். அதில் ஒரு சொட்டு நீர் விழுந்து உள்ளே மாட்டினால் நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் அள்ளி வீசும். வியர்வைச் சொட்டும் நீர்தான்.

காட்டுக்கும் இது நஞ்சுதான். ஈயத் துணுக்குகள் கிடக்கும் வேட்டைக் கழிவைத் தின்று காண்டார் கழுகுகள் செத்தன. கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டது. நாங்கள் பேசியது இரும்புத் தகட்டையும் காகிதத்தையும் சுடும் குண்டைப் பற்றி. பின்னால் ஈயத்தைச் சேகரிக்கும் மண்மேடு உள்ள மைதானத்தில் மட்டுமே சுட வேண்டும். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1959-இன் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே எழுதியது அமெரிக்காவின் ஒரு கைத்தொழிலைப் புரிந்துகொள்வதற்காக.

கடைசியாக, அச்சு வந்ததும் செய்ய வேண்டிய சோதனை. ஆயிரம் குண்டு வார்த்துவிடாதீர்கள். இருபது வார்த்து, நல்ல பத்தைப் பொறுக்கி, விட்டத்தை அளந்து, சுட்ட உறைக்குள் நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு ப்ரைமரும் மருந்தும் இல்லாத பொய்த் தோட்டா ஐந்து செய்து, நீளத்தைக் குறித்துக்கொண்டு குழாயில் ஏற்றி, லீவரை இழுத்து இழுத்து ஓட்டுங்கள். வெளியே வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். நீளம் மாறவில்லை, எங்கும் சிக்கவில்லை என்றால் துப்பாக்கி அந்த அச்சை ஏற்றுக்கொண்டது. மருந்தின் அளவு அதற்குப் பிறகுதான். அதுவும் அச்சிட்ட கையேட்டைப் பார்த்து மட்டுமே.

தம்பி தாளை மடித்து வைத்தான். எந்த எண்ணையும் நான் சொல்லவில்லை. கொட்டகையிலிருந்து மென்மையான ஈயத் துண்டு ஒன்றை ஒரு பொட்டலத்தில் சுற்றிக் கொடுத்தேன், பித்தளைக் கம்பியோடு.

மறுநாள் மாலை போன் வந்தது. ஹலோகூடச் சொல்லவில்லை.

"அண்ணா, 0.429. வழி முழுக்க ஒரே இறுக்கமாத்தான் போச்சு. சுட்ட உறையோட வாய் 0.4315. அப்ப எனக்கு 0.430 குண்டு. மடிப்புப் பள்ளம் இருக்கணும், மூக்கு தட்டையா, 200 கிரெயின். தாள்ல முதல் எண் 427. அது எனக்கு ஆகாது. ரெண்டாவது உருண்டையா இல்ல, ஆனா பள்ளம் இல்ல. நாலாவதுதான் சரியா வருது. சரிதானே?"

சரிதான் என்றேன். அதை அவனுக்குச் சொன்னது நானல்ல. இரவெல்லாம் மேசை மேல் கிடந்த அந்தச் சிறு ஈயத் துண்டு.